முகப்பு மட்டும் போதுமா? பாண்டிச்சேரியின் பழைய கட்டடங்கள்

பாண்டிச்சேரியில் யாராவது ஒரு கட்டடத்தைக் காட்டி "முன்னூறு வருஷம் பழசு" என்று சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்ட வேண்டும். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஊர் இருந்தது, கோட்டை இருந்தது, துணி வியாபாரம் அமோகமாக நடந்தது. ஆனால் அந்த ஊரின் பெரும்பகுதி 1761-லேயே இடிந்து மண்ணாகிவிட்டது. இன்று நாம் சுற்றிப் பார்ப்பது அதற்கப்புறம் எழுந்த ஊர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் இங்கே காலூன்றினார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரைஸ்விக் உடன்படிக்கை வந்து, 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் வைத்திருந்தது கொஞ்ச காலம்தான். ஆனால் தெருக்களை நூல் பிடித்தாற்போல் குறுக்கும் நெடுக்கும் போடுகிற திட்டம் அவர்கள் வரைந்த வரைபடத்தில்தான் முதலில் தெரிகிறது. வழிகாட்டிகள் வாய் நிறையப் புகழும் "பிரெஞ்சு நகரமைப்பு" பாதிக்குப் பாதி டச்சுக்காரன் போட்ட கணக்கு.

பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்ததும் ஊர் வளர்ந்தது. 1706-ல் லூயி கோட்டை எழுந்தது. 1742-ல் துய்ப்ளே ஆளுநராக வந்தார். நான்கே வருஷத்தில் சென்னப்பட்டணத்தையே பிடித்தார்கள். கோட்டைக்குள் துய்ப்ளே கட்டிய ஆளுநர் மாளிகை 1752-ல் முடிந்தது. அந்த மாளிகை ஒன்பது வருஷம்கூட நிற்கவில்லை. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை ஊரை வளைத்துக்கொண்டு பட்டினி போட, 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார். ஆங்கிலேயர்கள் இந்த ஊரை வைத்து ஆளப் பிரியப்படவில்லை. லாலி 1758-ல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்துத் தள்ளியிருந்தார். அதற்குப் பழி தீர்க்கும் கணக்கு பாக்கி இருந்தது. கோட்டை, மாளிகை, தேவாலயம், வீடு என்று ஆள் வைத்து, வெடி வைத்து இடித்தார்கள்.

துய்ப்ளேக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, அதாவது துபாஷியாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஜனவரியில்தான், ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால் இறந்துபோனார். 1736-லிருந்து அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால் இடிவதற்கு முந்தைய பாண்டிச்சேரி நமக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். அதில் கப்பல் வந்த கணக்கு இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு நஜர் (காணிக்கை) கொடுத்தார்கள் என்பது இருக்கிறது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்து வேதபுரீஸ்வரர் கோயிலை துய்ப்ளேயின் ஆட்கள் இடித்த நாளும் இருக்கிறது. ஊரை இடித்த பெருமை ஆங்கிலேயருக்கு மட்டும் சேராது. பிரெஞ்சுக் கட்டடக்கலையின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிவிட்டுப் பேசினால் நல்லது. அந்தக் கோயிலைப் பிற்பாடு வேறு இடத்தில், இப்போதைய ஈஸ்வரன் கோயில் வீதியில் கட்டினார்கள்.

பிள்ளையின் வீடு மட்டும் பெரிய மார்க்கெட் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 1730-களில் கட்டியது. கீழ்த்தளத்தில் மரத்தூண் வைத்த முற்றம், மேல்தளத்தில் காரை பூசிய பிரெஞ்சு பாணித் தூண்கள். ஊரின் தமிழ், பிரெஞ்சு என்ற இரண்டு பாதிகளையும் ஒரே வீட்டில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர்.

1763 பாரீஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765-ல் ழான் லா தெ லொரிஸ்தோன் வந்து ஊரைப் பொறுப்பெடுத்தபோது அவருக்குக் கிடைத்தது செங்கல் குவியல். பழைய அஸ்திவாரம் இருந்த இடத்திலேயே, பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். ராஜ் நிவாஸ் என்று பேர்பெற்ற ஆளுநர் மாளிகை அப்போது எழுந்ததுதான், பூர்சே என்ற பொறியாளர் கட்டியது. அதற்கப்புறமும் 1778-லும் 1793-லும் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1816-ல் நிரந்தரமாகத் திரும்பக் கிடைத்த பிறகுதான் நிம்மதியாக வீடு கட்ட முடிந்தது. நீங்கள் துமாஸ் வீதியில் படம் பிடித்துக்கொள்ளும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிம்மதியின் விளைச்சல். கலங்கரை விளக்கம் 1836. கப்ஸ் கோயில் என்று நாம் சொல்லும் தேவதைகளின் அன்னை ஆலயம் 1855. ஆயி மண்டபமும் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. முத்தரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்த நினைவாகக் கட்டினார்கள்.

ஆக, இந்த ஊருக்கு இடிவதும் அதே கோட்டில் மறுபடி எழுவதும் பழகிப்போன வேலை. அதனால் "அசல்" எது, "நகல்" எது என்ற சண்டை எனக்கு ரொம்ப முக்கியமாகப் படவில்லை. எனக்கு இருக்கும் குறை வேறு. இப்போது நாம் காப்பாற்றுவது தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பாகத்தை மட்டும்தான். மழை இறங்குவது தெருவிலிருந்து தெரியாத பாகத்தில்.

வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் வீடும் மேற்கே இருக்கும் வீடும் தெருவோடு வைத்துக்கொள்ளும் உறவே வேறு. கிழக்கே உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்புறம் வளைவுகள் வைத்த வராந்தா. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெருவுக்குத் தெரியாது. மேற்கே திண்ணை, திண்ணைக்கு மேல் தெருவை நோக்கிச் சாயும் ஓட்டுத் தாழ்வாரம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரம் சேர்ந்து தெரு முழுக்க நிழல் விழும். வழிப்போக்கன் உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம். உள்ளே ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். பணம் வந்தபோது மேலே ஒரு மாடி ஏறியது. அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவரும், இரட்டைத் தூண்களும், சரிவான மரச்சட்டங்கள் வைத்த ஜன்னல்களும் வந்தன. முஸ்லிம் தெருக்களான காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் போனால் இதே வீட்டுக்கு இன்னொரு முகம்.

இரண்டு பக்கத்து வீட்டையும் தூக்கி நிறுத்துவது ஒரே சுண்ணாம்புதான். பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது வரைபடம். கட்டிய கை இங்கேயே இருந்த கை. கப்ஸ் கோயிலுக்குள் போய் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சலவைக்கல்லோ என்று தோன்றும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்த பளபளப்பு அது.

இதையெல்லாம் நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் அத்தை வீட்டு மொட்டைமாடியில் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வாய்க்காலுக்கு மேற்கே, அகலம் குறைந்து நீளம் அதிகமான வீடு. கல்யாணமாகி அத்தை அங்கே வந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி ஏற வேண்டுமாம். இப்போது இரண்டு படிதான் மிச்சம். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டால் வேறென்ன ஆகும்? ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் மழை பிடித்தால் தெருத்தண்ணீர் ரேழியை எட்டிப் பார்க்கிறது. பழைய ஊர்களைக் காக்க என்ன செய்யலாம் என்று கூட்டம் போடுகிறவர்கள் முதலில் ரோடு போடுகிற ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: சுரண்டிவிட்டுப் போடு.

கீழே ஈரம் ஏறினால் சுவரில் உவர் அடிக்கும். கடலோர ஊர், நிலத்தடியிலேயே உப்பு இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் சுவர் வழியாகவே மூச்சு விட்டு வெளியேறிவிடும். மேலே உப்புப் பூக்கும், பூச்சு உதிரும், சில வருஷத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் புதுப்பித்தால் போதும். உதிர்வது பூச்சுதான், செங்கல் இல்லை. அத்தை வீட்டில் ஒரு கான்ட்ராக்டர் வந்து, "இந்தக் காலத்துல யாரு சார் சுண்ணாம்பு பூசறாங்க" என்று இடுப்பளவு உயரத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டுப் போனார். பார்க்க வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லாததால் சிமென்ட் முடியும் கோட்டுக்கு மேலே ஏறி, தோளுயரத்தில் பூத்தது. இரண்டு மழைக்காலம் கழித்துச் சிமென்ட்டைத் தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம். உடைத்தபோது பின்னாலிருந்த செங்கல் விரலால் சுரண்டினாலே சிவப்பு மாவாக உதிர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற செங்கல்.

அப்புறம்தான் வானூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். வந்தவர் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மாடிக்குப் போய்விட்டார். "சொவத்த அப்புறம் பாக்கலாம் தம்பி. மேல தண்ணி எங்க நிக்குதுன்னு மொதல்ல பாக்கணும்" என்றார். கைப்பிடிச் சுவரோரம் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அதைப் பிடுங்காமல் அதைச் சுற்றியிருந்த தட்டோடுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்று, கீழே போய் அந்த இடத்துக்கு நேராக இருக்கும் மரக்கட்டையை, அது சுவருக்குள் நுழையும் முனையில், உளியால் குத்தினார். பாதி உளி உள்ளே போனது.

மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் இந்தத் தளம் எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தவர்கள் இப்போது குறைவு. பெரிய உத்திரம், அதன் மேல் வரிசையாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளுக்குக் குறுக்கே அச்சுக்கல் எனும் மெல்லிய சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக, கோணல் வரிசையில், சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சாரம் அடித்துப் பலகை வைக்கும் வேலை கிடையாது. ஒட்டின கல் அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை பார்க்கிறவனுக்கு அடிவயிறு கலங்கும். அது காய்ந்த பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அடித்த கட்டை 'ணங்'கென்று எகிற ஆரம்பித்தால் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. கடைசியில் இரண்டு அடுக்குத் தட்டோடு.

அந்தத் தண்ணீரின் வாசனையை எழுதிக் காட்ட முடியாது. புளித்த வெல்லமும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்து தெருமுனை வரை வரும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன காய்ச்சறீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுப் போனார். பாண்டியில் அப்படிக் கேட்பது நியாயம்தான்.

சுண்ணாம்பின் கஷ்டம் அதன் நிதானம். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கல்லாகிறது. ஒரு பூச்சு காயாமல் அடுத்த பூச்சு போட முடியாது. பெரியவர் ஒருநாள் வேலை செய்துவிட்டு அடுத்த சில நாள் வரமாட்டார். அத்தைக்குப் பொறுமை போய்விடும். "ஆளு ஏமாத்தறாரோ?" என்று என்னைக் கேட்பார். வந்தால் அவரிடமே கேட்பார். அவர் சிரித்துக்கொண்டே, "காயட்டும்மா, அதுக்குக் கூலி கேக்கல நானு" என்பார். சிமென்ட் வேலையைவிடச் செலவு கூடத்தான் ஆனது. அந்த அறையில் மே மாத மத்தியானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் செலவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவருக்குப் பின்னால் அந்த வேலையைச் செய்ய அவர் வீட்டில் யாரும் இல்லை. பையன் டைல்ஸ் ஒட்டுகிறான், அதில் தினமும் கூலி வருகிறது. அவனைக் குறை சொல்ல முடியாது.

இப்படி ஒரு வீட்டுக்கே இவ்வளவு என்றால் ஊர் முழுக்க என்ன நடந்தது? 1984-ல் இந்திய அளவில் தொடங்கிய, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாண்டிச்சேரிக் கிளை இங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, சொந்தக்காரர்களுக்குச் செலவில் ஒரு பங்கு கொடுத்து நிறைய வேலை செய்திருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லொத் நகரங்களோடு கைகோத்து, அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சரிசெய்தார்கள். திண்ணையும் தாழ்வாரமும் வரிசையாகத் திரும்பி வந்தன. பழைய ஊர் என்றால் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் வெள்ளையர் பகுதி மட்டும்தான் என்றிருந்த நினைப்பை அந்த ஒரு தெரு அசைத்தது. தமிழ் வீட்டுக்கும் பாரம்பரியம் என்ற பட்டம் உண்டு என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது.

ஆனாலும் அது முகப்பு. உள்ளே முற்றத்துக்கு மேல் தகர ஷீட் போட்டு மூடி அறையாக்கியிருந்தால் அது திட்டத்தின் கணக்கில் வராது. கார் நிறுத்த திண்ணையை இடித்த வீடுகளுக்கு மறுபடி திண்ணை வைத்துக் கொடுக்கலாம். கார் எங்கே போகும்? முற்றம் என்பது வீட்டின் நுரையீரல். அதை அடைத்துவிட்டு முகத்துக்கு மட்டும் மஞ்சள் பூசினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

மஞ்சள் என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போது பாண்டியில் எந்தப் புதுக் கடை திறந்தாலும் அந்த மஞ்சளும் வெள்ளைக் கோடும்தான். நேற்றுக் கட்டிய கான்கிரீட் கட்டடத்துக்கு மஞ்சள் அடித்து, பிளைவுட்டில் வளைவு வைத்து, காகிதப்பூச் செடியை ஏற்றிவிட்டால் "ஹெரிட்டேஜ்" ஆகிவிடுகிறது. அதே தெருக்களில் அரவிந்தர் ஆசிரமத்துக் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையுமாக அமைதியாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் யாரும் கல்யாணப் படம் எடுப்பதில்லை.

மேரி கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கடற்கரைச் சாலையில், 1870-களின் தொடக்கத்திலிருந்து நகராட்சி இருந்த இடம். பிரெஞ்சுப் பிரஜைகளாக இருந்த நம் தாத்தாக்களின் பிறப்பும் கல்யாணமும் பதிவான கட்டடம். ஒழுகுகிறது என்று தெரிந்தது, விரிசல் தெரிந்தது, ஆபத்தானது என்று ஆட்களையும் வெளியேற்றினார்கள். சரிசெய்ய வேண்டும் என்ற பேச்சும் நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் 29-ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழையில், இடிந்து விழுந்தது. எதிரியின் பீரங்கி இல்லை, வெடி இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்.

அப்புறம் உலக வங்கிக் கடனில், கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ், சுமார் 15 கோடி ரூபாயில் அதே இடத்தில் அதே தோற்றத்தில் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். பழைய படங்களை வைத்துப் பார்த்தால் முகம் அச்சு அசலாக வந்திருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. லா தெ லொரிஸ்தோன் செய்ததும் அதைத்தானே. வித்தியாசம், அவர் கட்டும்போது ஊரை இடித்தது எதிராளி. மேரியை நாமே மழையில் விட்டோம். அந்த 15 கோடியில் ஒரு சின்னப் பங்கு முன்பே மாடியில் செலவாகியிருந்தால் போதும் என்று எங்கள் கொத்தனார் சொன்னபோது நான் பதில் பேசவில்லை.

இதற்கு நேர் எதிரான கட்டடம் ஒன்று நடக்கிற தூரத்திலேயே இருக்கிறது. ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, ஜார்ஜ் நகாஷிமா கூட இருந்து வேலை பார்த்தது. 1930-களின் கடைசியில் தொடங்கிய, இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. கடல் காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வெடிக்கும் ஊர் இது. அப்படியிருந்தும் அந்தக் கட்டடம் நன்றாக இருக்கிறது. அங்கே நாள்தோறும் துடைக்கிறார்கள், கழுவுகிறார்கள், ஒரு திருகாணி தளர்ந்தால் முடுக்குகிறார்கள். அதற்கு மீட்டெடுப்பு விழாவும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. என்னைக் கேட்டால் பாண்டியில் பாதுகாப்பு என்ற வேலை ஒழுங்காக நடந்த இடம் அதுதான்.

வீட்டுக்காரர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்பது சுலபம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல. தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து பென்ஷன் வாங்கினார், பிள்ளைகள் பாரீஸ் பக்கம் போனார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சோடு சரி. ஒரு வீட்டுக்குப் பதினாலு பங்குதாரர், அதில் பாதிப் பேர் வேறு தேசத்தில். ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் யாரிடம் பணம் கேட்பது? பூட்டிய வீட்டுக்குப் போலிப் பத்திரம் தயார் பண்ணுகிற கும்பல் வேறு. இந்த நிலைமையில் ஒரு புரோக்கர் வந்து, "இடிச்சிட்டு நாலு மாடி ஏத்தலாம், ஆளுக்கு ஒரு ஃபிளாட்" என்றால் கையெழுத்துப் போடுகிறவர்களை நான் திட்ட மாட்டேன்.

ஓட்டல்கள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன. ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு காலத்தில் கல்வித்துறை இருந்த கட்டடம் ஒத்தெல் தெ லோரியான் ஆனபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதைப் பார்த்துத்தான் பழைய வீட்டில் வருமானம் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு உறைத்தது. அறை வாடகை வருவதால் மாடி ஒழுகினால் மறுநாளே ஆள் வருகிறது. அந்த வகையில் ஓட்டல்கள் காப்பாற்றியது நிறைய. இன்னொரு பக்கம், சனி ஞாயிறில் துமாஸ் வீதி, சுஃப்ரேன் வீதிப் பக்கம் போனால் வீட்டில் குடியிருக்கிறவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. மேற்கே தமிழ்த் தெருக்களிலும் முற்றத்தில் மேஜை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். முற்றம் திறந்தே இருக்கிறது என்ற அளவில் எனக்குச் சந்தோஷம்தான். திண்ணையில் "விருந்தினர்களுக்கு மட்டும்" என்று பலகை வைக்கும்போது அந்தச் சந்தோஷம் குறைகிறது.

சட்டம் பட்டியல் போடலாம், குழு அமைக்கலாம், உயரத்துக்கு வரம்பு வைக்கலாம். எல்லாம் வேண்டியதுதான். அதோடு வீட்டுக்காரனுக்குக் கைகொடுக்கிற மாதிரி வேறு சிலதும் வேண்டும். மழைக்கு முன்னால் மாடியைப் பார்த்துத் தட்டோடு மாற்றித் தரும் ஒரு சின்னக் கொத்தனார் குழு, பேர் பதிந்த வீடுகளுக்கு நியாயமான கூலியில். நகராட்சி செலவில் நீற்றி வைத்த சுண்ணாம்பு கிடைக்கும் ஒரு கிடங்கு. சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்ளும் பையனுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குக் குறையாத உதவித்தொகை. முகப்புக்கு வண்ணம் அடிக்க ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பினாலே தொடங்கிவிடலாம்.

அத்தை வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. முன்பாதி மாடி சுண்ணாம்பில் முடிந்துவிட்டது. பின்பாதி பாரீஸில் இருக்கும் பெரியப்பா மகனின் பங்கு. அவர் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார், வேலை சீக்கிரம் முடியுமாம். குடும்ப வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மரக்கட்டையின் மேல் கான்கிரீட் பாரத்தை ஏற்ற முடியாது, கட்டைகளையும் எடுக்க வேண்டிவரும் என்று படத்தோடு போட்டிருக்கிறேன். அவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுச் செலவுக் கணக்கு கேட்டிருக்கிறார். அத்தை தனியாக எனக்குப் போன் பண்ணி, "அவன் டிசம்பர்ல வர்றான்டா, அதுக்குள்ள அந்தப் பெரியவரைப் பிடிச்சு வை" என்றார். பிடித்துவிட்டேன். கடுக்காய்க்குச் சொல்லியாயிற்று.